யாருடையதோ ஒரு கார்

எங்கள் ஒழுங்கையில் மிஸியக்காவுக்கு மட்டும் சொந்தமாக எதுவும் இருந்ததில்லை. அவர் வாயால் கேட்டால் அப்படித்தான். இருந்த வீடு அப்பாவின் வீடு. அப்பா போய்ச் சேர்ந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கிணறு பங்குக் கிணறு. முற்றத்தில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் வேர் வேலிக்கு அந்தப் பக்கமும் ஓடியிருந்தபடியால், அது ஆருடையது என்று அறுதியாகச் சொல்லமுடியாது. சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்த சின்ன மணிக்கூடு ஆஸ்பத்திரி வார்ட்டுக்குச் சொந்தம். ஓய்வு பெற்ற பிறகும் அது வார்ட்டுடையதாகவே அவருடைய நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "அது எங்கடை அப்பாச்சியின்ரை பேர், எனக்குச் சும்மா வைச்சது" என்பார். தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸி என்று கூப்பிடுவது வழக்கம். மானிப்பாயில் எங்கள் ஒழுங்கைக்கு அவர் மிஸியக்கா.

ஒருமுறை அவரோடு யாழ்ப்பாண நகரத்துக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை எடுத்தோம். அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டில் அதைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு பெண் வந்து சேலையின் தலைப்பைத் தொட்டுப் பார்த்து, "மிஸி, நல்ல வடிவாயிருக்கு" என்றாள்.

"அக்காவின்ரை" என்றார் மிஸியக்கா, கண் இமைக்காமல்.

அக்கா செத்து எத்தனையோ வருடம். சேலையின் ஓரத்தில் கடைக்காரன் ஒட்டிய விலைத்துண்டின் பசை இன்னும் இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டேன்.

கூரையில் சூரிய ஒளியில் கரண்ட் எடுக்கும் தகடுகள் பூட்டியபோது ஒழுங்கையே வந்து அண்ணாந்து பார்த்தது. "அது கரண்ட் கந்தோர்க்காரர் தங்கடை தேவைக்குப் பூட்டினவை, எங்களுக்கென்ன" என்று எல்லோருக்கும் ஒரே பதில். நாவூறு பட்டுவிடும் என்று பயம். எங்கள் சனம் எல்லோருக்கும் அந்தப் பயம் கொஞ்சம் உண்டுதான். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைக்கிறோம், புது வீட்டுக்கு முன்னால் பூசணிக்காயில் முகம் கீறித் தொங்கவிடுகிறோம். ஆனால் மிஸியக்கா அந்த அளவில் நிற்கவில்லை. சொந்தக்காரரே இல்லையென்றால் நாவூறு ஆரில் போய் விழும்? அதுதான் அவருடைய கணக்கு.

பெடியன் விசயத்திலும் அதே கதைதான். அக்காவின் மகன். நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளில் அவரிடம் வந்து சேர்ந்தவன். மிஸியக்கா கலியாணம் கட்டவில்லை. இரவு வேலைக்குப் போகும்போது அவனை எங்கள் வீட்டில் படுக்கவிட்டு, விடிய வந்து தூக்கிக்கொண்டு போவார். காய்ச்சல் என்றால் வேலைக்கே போகமாட்டார். ஆனால் பள்ளிக்கூடத்தில் அதிபர் "உங்கடை மகன்" என்று தொடங்கினால் போதும், "அக்காவின்ரை பிள்ளை, சேர். நான் பார்க்கிறன், அவ்வளவுதான்" என்று திருத்திவிடுவார். அவன் நல்ல பெறுபேறு எடுத்தபோது, "தகப்பன் பக்கத்து மூளை" என்றார். பிறகு அவன் இலண்டனுக்குப் படிக்கப் போனான், அங்கேயே வேலை எடுத்தான், நல்லூரில் பெண் எடுத்தான். அந்தக் கலியாணத்திலும் தாய் தகப்பன் இடத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு புருசன் பெண்சாதியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இவர் சமையல்காரர் பக்கத்தில் நின்று சோறு வெந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். மாங்காய் சீவிக்கொண்டிருந்தார். "ஏனக்கா, வளர்த்த பிள்ளையை என்ரை பிள்ளை எண்டு ஒருக்காச் சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?"

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா சொல்லித் திரிஞ்சவ. புது வீடு கட்டி விறாந்தையிலை நிண்டு, என்ரை வீடு, என்ரை மனுசன், என்ரை பிள்ளை எண்டு போறவாற சனத்துக்கெல்லாம் சொன்னவ. சண்டையிலை இடம்பெயர்ந்த நேரம் வீடு போச்சு. மனுசன் போச்சுது. பேந்து காய்ச்சலிலை அவவும் போயிட்டா. மிஞ்சினது அவன் ஒருத்தன். அவனையும் என்ரை எண்டு சொல்லிக் காட்டிக்குடுக்கச் சொல்லுறியோ?"

அதற்குப் பிறகு அவரைப் பகிடி பண்ணுவதை நான் குறைத்துக்கொண்டேன். நிறுத்தினேன் என்று சொல்லமாட்டேன்.

இனிக் கார்க் கதை. ஓய்வு பெற்ற பிறகும் மிஸியக்காவின் கை சும்மா இருக்கவில்லை. சண்டிலிப்பாய், சங்கானைப் பக்கத்தில் சீனி வருத்தத்தால் காலில் புண் வந்த வயோதிபர் பலர். பிள்ளைகள் கனடாவில், சுவிசில். புண்ணைக் கழுவிக் கட்ட வீட்டில் ஆள் இல்லை. மிஸியக்கா சைக்கிளில் போய்க் கட்டிவிட்டு வருவார். முழங்கால் பழுதான பிறகு ஓட்டோவில் போனார். அப்போதுதான் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. ஓட்டோக்காரன் பெற்றோல் கொண்டுவரும் பவுசருக்குப் பின்னால் போய் நின்றால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. மிஸியக்கா வாசலில் மருந்துப் பையோடு காத்திருந்து காத்திருந்து உள்ளே போய்விடுவார். அந்த இடைவெளியில் சங்கானையில் ஒரு அம்மாவின் புண் அழுகி, காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது.

அந்தச் செய்தி வந்த நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணியைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

"பிள்ளை, உனக்குக் காரைப் பற்றித் தெரியும்தானே. கரண்டிலை ஓடுற சின்னக் கார் ஒண்டு பார்க்கோணும்."

"ஆருக்கக்கா?" என்றேன், அவருடைய வழக்கம் தெரிந்து.

"ஆருக்கோ. நீ பாரன்."

அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்றும் தெரியவந்தது. இந்த மனுசி வேலையில் இருந்த காலத்திலேயே ஆருக்கும் சொல்லாமல் கார் ஓடப் பழகி லைசென்சும் எடுத்து அலுமாரிக்குள் வைத்திருந்திருக்கிறார். கேட்டதற்கு, "கிடந்தால் கிடக்கட்டும் எண்டு எடுத்தது" என்றார்.

புதிதாக வந்த சின்னக் கார்களின் விலை கேட்டாலே தலை சுற்றியது. கடைசியில் கொக்குவிலில் ஒருவர், பிள்ளைகளோடு போய் இருப்பதற்கு அவுஸ்திரேலியா போகிறவர், தன்னுடைய பழைய கரண்ட் காரை விற்க இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். சாம்பல் நிறம். உயரம் குறைவு, உள்ளே போனால் இடம் பரவாயில்லை. மனிசர் நேர்மையான ஆள்.

"மிஸி, பொய் சொல்லக்கூடாது. பற்றரி பழசு. முழுக்கச் சார்ஜ் போட்டால் பரந்தன் மட்டும் போகும். திரும்பி வாறது அதின்ரை மனசைப் பொறுத்தது."

"நான் ஏன் பரந்தனுக்குப் போறன், அண்ணை? சண்டிலிப்பாய், சங்கானை போய் வந்தால் காணும்."

மிஸியக்காவை ஓட்டுநர் இருக்கையில் இருத்தினோம். அவர் பட்டனை அமர்த்திவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் போனது.

"அண்ணை, இது ஸ்ராட் வருகுதில்லை."

"அது எப்பவோ ஸ்ராட் வந்திட்டுது. காலைக் கொஞ்சம் அமத்திப் பாருங்கோ."

கார் முற்றத்து மணலில் மெல்ல நகர்ந்தது. சத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கல் நெரிபடும் ஓசை மட்டும். மிஸியக்காவின் முகத்தை நான் பார்த்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பிடித்துப்போன தாயின் முகம். "சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் வரலாம்" என்றார் என் காதுக்குள். "ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டினம்." உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காகக் கரண்ட் கார் வாங்குகிறார்கள். சனத்துக்குக் கேட்காது என்று வாங்கியது மிஸியக்கா ஒருவராகத்தான் இருக்கும்.

பின்கதவில் ஒரு நெளிவு இருந்தது. விற்கிறவர் அதைத் தன் செலவில் தட்டி எடுத்துத் தருவதாகச் சொன்னார். மிஸியக்கா பதறிவிட்டார்.

"வேண்டாம் அண்ணை, அது கிடக்கட்டும். பாக்கிறவை முதல் அதைப் பாக்கட்டும்."

பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுபோனோம். நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்தாயிற்று, தேங்காய் உடைக்க ஆள் நின்றது. ஐயர் அர்ச்சனைத் தட்டோடு வந்து, "வாகனம் ஆற்றை பேரிலை? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். மிஸியக்கா இலண்டனில் இருந்த பெடியனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். ஐயருக்கோ நல்ல குரல். கோவில் வீதியில் கற்பூரம் விற்றவளுக்கும் கேட்டிருக்கும். பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கச் செய்தி: மிஸியக்காவுக்குப் பெடியன் கார் எடுத்துக் குடுத்திருக்கிறான்.

"என்னக்கா இது? சாமியிட்டையுமா?" என்றேன் திரும்பி வரும்போது.

"சாமிக்கு ஆற்றையெண்டு தெரியாதோ? சனத்துக்குத்தான் தெரியக்கூடாது" என்றார், கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல். எங்களைச் சைக்கிள்கள் முந்திப்போய்க்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் இலண்டனுக்குப் போன். "தம்பி, ஆரும் கேட்டால் நீதான் எடுத்துத் தந்தனி எண்டு சொல்லு." அவன் அந்தப் பக்கத்தில் சிரித்தது எனக்கும் கேட்டது. "சரி சின்னம்மா, நான்தான்" என்றான்.

காலையில் வெயில் ஏறினால் விறாந்தையிலிருந்து வயரை இழுத்துக் காரில் செருகுவார், போனுக்குச் சார்ஜ் போடுவதுபோல. அடுத்த நாள் விடிய அது சார்ஜ் முழுதாக ஏறி நிற்கும். மருந்துப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டுவிட்டுப் புறப்படுவார். நல்லூரில் நான் ரியூசன் வகுப்பு எடுக்கும் நாட்களில் சுற்றுப்பாதை என்றாலும் என்னையும் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பள்ளி விடுமுறையில் நானும் அவருடைய சுற்றுக்குப் போயிருக்கிறேன். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர், இரண்டு விரல் எடுத்த காலோடு படலையடியில் கதிரை போட்டுக் காத்திருப்பார்.

"மிஸி, உங்கடை கார் வந்து நிண்டால் நாய்க்கும் தெரியுதில்லை."

"என்ரை இல்லை ஐயா. பெடியன்ரை. காலைத் தூக்குங்கோ."

அந்தக் காலை மடியில் வைத்துக் கட்டை அவிழ்ப்பார். புண் சிறுத்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், அதற்கும் நாவூறு. அவருடைய வாய் ஓரம் மட்டும் கொஞ்சம் இளகும். அந்த வருடம் அவர் போன வீடுகளில் ஒருவருக்கும் கால் எடுக்கவேண்டி வரவில்லை. அதை இப்போது எழுதும்போது எனக்கே நாக்கைக் கடிக்கவேண்டும்போல் இருக்கிறது.

நல்லூர்த் திருவிழாவுக்குப் பெடியன் பெண்சாதி பிள்ளையோடு வந்தான். வந்த அன்றே கார்த் திறப்பை அவன் கையில் கொடுத்துவிட்டார். "உன்ரை கார்தானே, ஓடு." அவன் முதலில் கூச்சப்பட்டான். கண்ட கண்ட சனமெல்லாம் அவன் தோளில் தட்டி, "வளர்த்தவவை மறக்கேல்லை, நீயல்லோ பிள்ளை" என்று சொன்னபோது நெளிந்தான். மிஸியக்கா அவன் கையைக் கிள்ளுவார், அவன் பேசாமல் நிற்பான். போகப்போக அந்தத் தட்டல் அவனுக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். கீரிமலைக்கு, கடற்கரைக்கு, பெண் வீட்டாரைக் கோவிலுக்கு ஏற்றி இறக்க என்று கார் அவனோடுதான் நின்றது. மிஸியக்கா ஓட்டோ பிடித்துப் புண் கட்டப் போனார். எனக்கு அவன்மேல் கோபம்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பாயில் படுத்தவன் என்ற உரிமையில் வந்த கோபம்.

அவன் திரும்பிப் போவதற்கு முன் நல்லூரில் பெண் வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாடு. மிஸியக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். "தனியப் போனால் என்னட்டைக் கதை கேப்பினம், நீயும் வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். திருவிழாக் காலம், மரக்கறிச் சாப்பாடு. வாழையிலை போட்டு, அவனுடைய மாமியார் தானே நின்று பரிமாறினார். நல்ல மனுசி. கறி கேட்காமலே இலையில் விழும். கதை அவருடைய இளைய மகளின் கலியாணத்தில் வந்து நின்றது. மாப்பிள்ளை பகுதி எல்லாம் ஒத்துக்கொண்டாயிற்றாம், ஒன்றுதான் மிச்சமாம்.

"சீதனத்தோடை ஒரு காரும் கேக்கினம், தம்பி. இப்ப விக்கிற விலைக்கு எங்களாலை ஏலுமோ?" மாமியார் அவனுடைய இலையில் பருப்பை விட்டார். "நான் யோசிச்சனான். உங்கடை கார் நீங்கள் போனால் சும்மாதானே நிக்கும். மிஸியும் தனி ஆள், வயசும் போகுது. அவவுக்கு ஒரு ஸ்கூட்டி எடுத்துக் குடுப்பம். காரைத் தங்கச்சிக்குக் குடுத்திட்டால் உங்கடை கையாலை செய்ததாயும் இருக்கும்."

பெடியனின் கை சோற்றில் நின்றுவிட்டது. அவனுடைய பெண்சாதி அவனைப் பார்த்தாள், சந்தோசமாக. அவளுக்கும் அது அவன் வாங்கிய கார்தான். இவனுக்கு அப்போது வாய் திறந்தால் இரண்டு பொய் வெளியே வரும், சின்னம்மா சொன்னதும் தான் சுமந்ததும். "மாமி, அது வந்து..." என்று தொடங்கி இலையைப் பார்த்தான்.

எனக்குச் சண்டிலிப்பாயில் கதிரை போட்டுக் காத்திருக்கிற மனிதரின் கால்தான் கண்ணில் நின்றது. முழங்கால் பழுதான மனுசி ஸ்கூட்டியில் எங்கே போவது? நான் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். மிஸியக்கா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார்.

"கார் தம்பியின்ரை இல்லை" என்றார். "அது என்ரை."

ஒரு பொருளைக் காட்டி 'என்ரை' என்று அவர் தனக்காகச் சொல்லி நான் அதுவரை கேட்டதேயில்லை.

மாமியார் சிரித்தார். "பகிடி விடாதையுங்கோ மிஸி. அர்ச்சனையே தம்பியின்ரை பேரிலைதான் செய்தது எண்டு உங்கடை ஊர்ச்சனம் சொல்லுது."

"ஓம். நான்தான் சொல்லுவிச்சனான். பொய்."

"சின்னம்மான்ரை கார்தான் மாமி" என்றான் அவன், இப்போதுதான் நாக்கு வந்து. "நான் ஒரு சதமும் குடுக்கேல்லை."

ஒருவரும் நம்பவில்லை. அதுதான் கொடுமை. மாமியாரின் முகத்தில் இரக்கம் வந்தது. மருமகன் சின்னம்மாவைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்துவிட்டார். சொந்தப் பொருளையெல்லாம் மற்றவருடையது என்று ஊரை நம்பவைத்த மனுசிக்கு, உண்மை சொல்லும்போது சாட்சி இல்லாமல் போனது. நான் கூடப்போய் வாங்கினேன் என்று சொன்னேன். நான் அவருடைய ஆள்தானே, என் சொல் எடுபடவில்லை.

"குடுக்க விருப்பமில்லாட்டி விடுங்கோ மிஸி, அதுக்கேன் பொய்?" மாமியார் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். குரல் மென்மையாகத்தான் இருந்தது. "பெத்த தாயெண்டால் பிள்ளையின்ரை காரிலை உரிமை கேக்கலாம். நீங்கள்தானே எப்பவும் அக்காவின்ரை பிள்ளை, அக்காவின்ரை பிள்ளை எண்டு சொல்லுறனீங்கள்."

மிஸியக்கா என் கையை விட்டார். தண்ணீர்க் குவளையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்தார்.

"அவனும் என்ரைதான்" என்றார். "அவனைத் தந்தனான். காரைத் தரேலாது."

உள்ளே அடுப்பில் பாயாசம் பொங்கும் சத்தம் கேட்டது, இறக்கி வைக்க ஒருவரும் போகவில்லை. மாமியார் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இப்போது நம்பிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. காரை மட்டுமல்ல.

பெடியன் குனிந்த தலை நிமிரவில்லை. சோற்றுக் கையால் கண்ணைத் துடைக்கமுடியாமல் முழங்கையால் துடைத்தான்.

"என்னத்துக்கு அழுகிறாய்?" என்றார் மிஸியக்கா அவனிடம். "குழம்பு காணாதெண்டால் கேளன்."